தராசு வீட்டுக் காபி

எல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் காலை, அரைக் கோப்பைக் காபியை மேஜையில் அப்படியே வைத்துவிட்டு, "என்னமோ சரியில்ல" என்று அவன் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வேறொரு புருஷனாக இருந்தால், "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பான். இல்லாவிட்டால் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே ஒரு "ம்" போட்டிருப்பான். இவன் கோப்பையை எடுத்து மோந்து பார்த்தான்.

இவனைத் தராசு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேர் வைத்த புண்ணியவதி அவனுடைய அக்கா. கடை கடையாகப் போய் அங்கே இருக்கும் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும் தப்பாக இருந்தால் மூடி வைக்கச் சொல்வதும் அவன் உத்தியோகம். மளிகைக் கடையில் இருப்பது, நகைக் கடையில் இருப்பது, லாரியையே ஏற்றி நிறுக்கிற எடைமேடை, எல்லாம் அவன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எடைக்கல்லைக் கையுறை போடாமல் தொட மாட்டான். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டிக்கொண்டால் எடை கூடிவிடுமாம். வீட்டில் உப்பு டப்பாவையும் இவன் அப்படித்தான் எடுப்பான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அது கொஞ்சம் மிகை. ரொம்ப மிகை இல்லை.

ஆகவே, மனைவி சொன்னதை அவன் ஒரு புகாராக எடுத்துக்கொண்டான். புகார் வந்தால் சோதிக்க வேண்டும், கோளாறு எங்கே என்று பிடிக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும். அவன் பிழைப்பே அதுதானே. மறுநாளிலிருந்தே அவள் கோப்பையை எடுத்தால் எதிரே போய் நின்று, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தான்.

அவன் சரிசெய்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். கொஞ்ச நாளில், காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே செருப்பை மாட்ட ஆரம்பித்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் எங்க?" என்று கேட்டான் தராசு.

"கீழ முக்குக் கடையில ஒரு காபி குடிச்சிட்டு அப்படியே பஸ் ஏறிடுறேங்க."

"வீட்லயே காபி இருக்கே?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் ஆள் இரண்டே பேர். அதுவரை வீட்டிலிருந்தபடியே கம்பெனிப் பத்திரங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மனைவி, மகள் போனதும் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். டாக்டரின் பாஷை தெரியாமல் வருகிற நோயாளிகள் அங்கே நிறைய. அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பில்லாமல் வருவாள். சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காருவது காலையில் அந்த மேஜையில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்? ஒரே பூட்டுக்குச் சாவி வைத்திருக்கும் இரண்டு பேர் என்பதைத் தவிர? அவளை அந்த மேஜைக்குத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும். கடைக் காபியைவிட நல்ல காபி வீட்டில் இருந்தால் அவள் எதற்காகப் படி இறங்கப் போகிறாள்? விஷயம் அவ்வளவு சுலபமாக அவனுக்குப் பட்டது.

முதலில் கைவைத்தது அரைப்பதில். அதுவரை வீட்டில் கொட்டையை மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பதுதான் வழக்கம். தராசு அந்தத் தூளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். அடக் கண்றாவியே! பாதி மாவு, பாதி நொய், நடுநடுவே முழுசாக உடையாத துண்டுகள். மாவாக இருப்பது வெந்நீர் பட்டதும் சட்டென்று இறங்கிக் கசப்பைக் கக்கும். துண்டாக இருப்பது கடைசிவரை வேகாமல் புளிப்போடு நிற்கும். இரண்டும் ஒரே கோப்பையில் விழுந்தால் மனுஷி எப்படிக் குடிப்பாள்? மிக்சியை மூட்டைகட்டி அலமாரியில் ஏற்றினான். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற அரைவை இயந்திரம் ஒன்று வாங்கினான். அதில் வெட்டுகிற பிளேடு கிடையாது. பல்வைத்த இரண்டு வளையங்களுக்கு நடுவில் கொட்டை நசுங்கி, ஒரே அளவாக வந்து விழும். எவ்வளவு பொடியாக வேண்டும் என்பதை ஒரு திருகாணி தீர்மானிக்கும். காலையில் அவன் அதைச் சுற்றும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், வீட்ல தச்சு வேலையா?" என்று கேட்டார்.

அடுத்தது பாத்திரம். அடுப்பில் வைத்தால் நீராவியின் வேகத்தில் காபி மேலே ஏறிவருகிற மோக்கா பாட் ஒன்று வந்தது. நல்ல திடமாகத்தான் கொடுத்தது. ஆனால் அடுப்பை அணைக்கக் கொஞ்சம் தாமதித்தால் தீய்ந்த வாடை தூக்கியது. அது அலமாரிக்குப் போயிற்று. பிறகு பிரெஞ்சு பிரஸ் வந்தது. கண்ணாடிக் குடுவையில் தூளையும் வெந்நீரையும் விட்டு ஊறவைத்து, வலைத்தட்டை மேலிருந்து அழுத்தி இறக்கும் சாதனம். சோம்பேறிக்கும் நல்ல காபி கொடுக்கக்கூடியது அதுதான் என்று தராசு பின்னாளில் ஆபீஸில் பிரசங்கம் செய்தான். அரைக்கிற பக்குவம் சரியாக இருந்தால் போதும், வேறு எந்தப் பெரிய வித்தையும் அதற்கு வேண்டாம். ஆனால் கோப்பையின் அடியில் சேறுபோல் கொஞ்சம் தங்கும். மனைவி கடைசி வாயைக் குடிக்காமல் வைத்ததைப் பார்த்துவிட்டான். போதாதா? காகித வடிகட்டி வைக்கிற பீங்கான் கூம்பு வந்தது. கூடவே, தண்ணீர் நூல் பிடித்தாற்போல் விழுவதற்காகக் கொக்குக் கழுத்து மூக்கு வைத்த கெட்டில். தூளை நிறுக்க ஒரு சின்னத் தராசு. அதை வாங்கிய அன்றே தன் எடைக்கற்களை வைத்துச் சோதித்து, "பரவால்ல, நல்ல ஜாதி" என்று அதற்கு நற்சான்றும் கொடுத்தான்.

எதையும் ஒன்றோடொன்று சேர்த்து மாற்ற மாட்டான், அதுதான் அவன் பிடிவாதம். அரைவையை மாற்றினால் தண்ணீரில் கைவைக்க மாட்டான். தண்ணீரை மாற்றினால் கொட்டையைத் தொட மாட்டான். இரண்டை ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானது எதனால் என்று எப்படித் தெரியும்? குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்று தெரிந்தபோது வடிகட்டிய நீருக்கு மாறினான். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த கொட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, வறுத்த தேதி போட்ட பொட்டலங்களாகத் தேடி வாங்கினான். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொதி அடங்கவிட்டு ஊற்றினான். முதலில் கொஞ்சமே கொஞ்சம் நீரை விட்டு, தூள் பொங்கிக் குமிழி விட்டு அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் மிச்சத்தைச் சுற்றிச் சுற்றி விட்டான். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதவிசு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தீர்ப்பு வேண்டாமா? மனைவி கிளம்புகிற நேரத்தில் கோப்பையை நீட்டுவான். அவள் நின்றபடியே ஒரு வாய் குடிப்பாள். இவன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? நேத்தவிடவா? கசப்பு முன்னாடி வருதா, முழுங்கினப்புறம் வருதா?"

"தெரியலங்க. காபி மாதிரி இருக்கு."

"காபி மாதிரின்னா எப்படி? ஒரு வார்த்தை சொல்லேன். புளிப்பு இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா நல்ல புளிப்பா, கெட்ட புளிப்பா?"

அவள் இன்னொரு வாய் குடிப்பாள், ஏதோ சொல்வாள், கோப்பையை வைத்துவிட்டுப் படி இறங்குவாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தெருவைத் தாண்டி முக்குக் கடைக்குள் நுழைவது தெரியும். தராசு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அரைவை இயந்திரத்தின் திருகாணியை அரைத் திருகு கூட்டுவான்.

அக்காவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னது அவன் செய்த முட்டாள்தனம். அக்கா பாசக்காரிதான். ஆனால் வாயில் சனி.

"டேய் தராசு, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அவ காபிக்காகத்தான் அங்க போறாளா?"

"பின்ன எதுக்காக?"

"அந்தக் கடைய யாரு நடத்துறா? ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பளதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்றாள் அக்கா. சும்மா கேட்டாளாம்! அன்று முழுக்க அந்தச் சும்மா இவன் மண்டையைக் குடைந்தது.

மனிதன் கோபப்படவில்லை, சந்தேகப்பட்டுக் கத்தவுமில்லை. அவன் சுபாவம் அதுவல்ல. முதலில் காபிதான் காரணமா என்பதை ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். ஒரு விடுமுறைக் காலையில் முக்குக் கடைக்குப் போய் பிளாஸ்கில் காபி வாங்கி வந்தான். அதே நேரத்தில் தன் காபியையும் போட்டான். ஒரே மாதிரி இரண்டு கோப்பை, ஒரே சூடு, ஒரே அளவு. எது எது என்று சொல்லாமல் அவள் முன் வைத்தான்.

"ரெண்டையும் குடிச்சுப் பாரு. எது பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் முதலாவதைக் குடித்தாள். இரண்டாவதைக் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "இது கருகின நாத்தம் அடிக்குது. முதல்ல குடிச்சது எவ்வளவோ மேல். அருமையா இருக்கு."

முதலாவது அவனுடையது! தராசுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகவில்லை. அவன் உள்ளே போய் அடுப்பைத் துடைத்துவிட்டு, இனி இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கலாம் என்று இன்னொரு கோப்பையோடு திரும்பி வந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"கீழ போய்ட்டு வந்துடுறேன்."

"கீழன்னா? கடைக்கா?"

"ம்."

"இப்பத்தானே அந்தக் காபி நாத்தம் அடிக்குதுன்னு சொன்ன?"

அவள் அவனைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். தராசு கோப்பையோடு நின்றான். வாழ்க்கையில் அவன் சோதித்த எந்தச் சாதனமும் இப்படி அவன் முகத்தில் கரி பூசியதில்லை.

காரணம் காபி இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் வேறென்ன? அக்காவின் "சும்மா" மறுபடி தலைதூக்கியது. அடுத்த நாள் ஆபீஸ் பையைத் தூக்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே இறங்கி, கடைக்கு எதிரே இருந்த மருந்துக்கடை வாசலில் நின்றான். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் கடைசி மேஜையில், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் சிடுமூஞ்சி என்பார்கள். பேருக்கேற்ற மனிதர்தான். அவள் கேட்காமலே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போய்த் தன் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். குடித்து முடித்தாள், எழுந்தாள், போனாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அவள் பஸ் ஏறியதும் தராசு உள்ளே போனான். கடையில் காபித்தூள் நிறுத்து விற்கிறார்கள், அதனால் அங்கே ஒரு தராசு உண்டு. சோதனை என்று சொல்லி எடைக்கற்களை எடுத்து வைத்தான். முள் அசையாமல் சரியான இடத்தில் நின்றது. சரியாக இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு காபி சொன்னான். வந்தது. குடித்தான். சூட்டுத்தட்டில் வைத்தே காய்ச்சிக் காய்ச்சிக் கரியாக்கிய தண்ணீர். இதற்காகவா?

அன்று மாலை அக்காவிடம், "அந்தாளு அவ மூஞ்சியக்கூடப் பாக்கலக்கா" என்றான்.

"அப்ப எனக்குத் தெரியலடா தம்பி" என்றாள். அக்கா வாயிலிருந்து "தெரியல" வந்து இவன் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் எடைமேடை சோதனை. லாரிகள் வர ஆரம்பிக்கும் முன்பே முடிக்க வேண்டும். தராசு விடியும் முன்பே எழுந்து, காபி போட்டு பிளாஸ்கில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். மதியம் வீடு திரும்பினால் பிளாஸ்க் காலி. கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

கொட்டியிருப்பாளோ? கழுவுதொட்டியில் குனிந்து மோந்து பார்த்தான். காபி வாசனை இல்லை. மூலையில் இருந்த செடித் தொட்டியின் மண்ணையும் தொட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டே எவ்வளவு நாளாயிற்றோ.

ஒருமுறை வந்ததை முடிவு என்று எவனும் முத்திரை வைக்க மாட்டான். இரண்டு நாள் கழித்து, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி முன்னதாகவே கிளம்பி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்றான். அவள் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து பஸ் ஏறினாள். முகம் தெளிவாக இருந்தது. மறுபடி ஒருநாள் செய்தான், அதேதான். கடைசியாக ஒரு காரியம் செய்தான் பாருங்கள், அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அலமாரியிலிருந்து மிக்சியை இறக்கி, தூசி தட்டி, எறியாமல் மிச்சமிருந்த பழைய கொட்டையை அதில் அரைத்து, குழாய்த் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வேண்டுமென்றே படுமோசமான ஒரு காபியைப் போட்டு பிளாஸ்கில் வைத்துவிட்டுப் போனான்.

திரும்பி வந்து திறந்தால், காலி. ஒரு சொட்டு மிச்சமில்லை.

தராசு அந்த பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நகைக் கடைத் தராசுகள் ரொம்ப நுட்பமானவை. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று: முள் நிலையில்லாமல் ஆடினால் தராசைக் குறை சொல்லாதே. முதலில் நீ இரண்டடி தள்ளி நில். உன் மூச்சுக்காற்று தட்டில் படுகிறதா என்று பார். ஊருக்கெல்லாம் சொன்னவன். கொட்டையை மாற்றினான், தண்ணீரை மாற்றினான், பாத்திரத்தை மாற்றினான், சூட்டை மாற்றினான். ஒவ்வொரு காலையிலும் மாறாமல் அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். இவன்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. அன்று அவள் வந்து பையை வைத்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"நான் வீட்ல இல்லன்னா மட்டும்தான் நீ காபி குடிக்கிற."

"என்ன சொல்றீங்க?"

"பாத்துட்டேன். நான் இருந்தா கடைக்குப் போற. நான் இல்லன்னா இங்கயே குடிக்கிற. கேவலமான காபி வெச்சாலும் குடிக்கிற."

அவளுக்கு விஷயம் மெல்ல உறைத்தது. "வேணும்னே வெச்சீங்களா? இன்னைக்கு மத்தியானம் பூரா வயித்தப் பெரட்டுச்சே, அதா?"

"சோதிச்சுப் பாத்தேன்."

"என்னையா? நான் என்ன, உங்க கல்லும் முள்ளுமா? மனுஷிங்க நான்!"

"காபி பிரச்சனை இல்லன்னா நான்தானே பிரச்சனை? அதச் சொல்லு. எம்மேல என்ன கோவம்? வாயத் திறந்து சொல்லேன்!"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நாளெல்லாம் இரண்டு பாஷையில் பிறர் பேச்சைப் பேசுகிறவள், தன் பேச்சுக்கு ஒரு பாஷையும் கிடைக்காமல் நின்றாள். "கோவம் இல்ல. எனக்குச் சொல்லத் தெரியலங்க, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விட்டுவிட்டான். ரோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற பயம். மறுநாளிலிருந்து காபியைப் போடுவான், அவள் கோப்பையை மேஜையில் வைப்பான், அவள் குளித்துவிட்டு வரும் முன்பே நடக்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவான். நன்றாக இருந்ததா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. அவளும் வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பினாள். அவன் விரும்பியது நடந்துவிட்டது, அவன் மட்டும் அதில் இல்லை. தெருவைச் சுற்றி வரும்போது சில நாள் முக்குக் கடைக்குள் நுழைந்து, அந்தக் கரித்தண்ணீரை வாங்கிக் குடித்தான். சிடுமூஞ்சி அவனையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை, எதிர் வீடு தெரியாத மழை. தராசு குடையை எடுத்துக் கதவுவரை போனான்.

"இந்த மழையில எங்க போறீங்க?" அவள் ஈரத் தலைமுடியோடு வந்து நின்றாள். "உக்காருங்க."

அவன் நாற்காலியில் உட்கார இடமில்லை. கெட்டில் வந்த பெட்டி, கூம்பு வந்த பெட்டி, வடிகட்டிக் காகிதக் கட்டுகள் என்று அதன்மேல் ஒரு கோபுரமே எழும்பியிருந்தது. இத்தனை மாதமும் அவன் நின்றுகொண்டே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு வழியில்லாமல் அடுப்படி முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் எதிரே ஜன்னல்.

அவள் கோப்பையை எடுக்கும் சத்தம் கேட்டது. அன்று தூள் சரியாக அமையவில்லை, திருகாணி நழுவியிருந்தது, காபி கசக்கும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லத் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தான். அவள் குடித்தாள். அவனும் குடித்தான். கசந்தது.

"நேத்து ஒரு அம்மா வந்திருந்தாங்க" என்றாள் அவள்.

தராசு திரும்பவில்லை.

"பையனுக்குத் தலையில அடி. டாக்டர் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிட்டிருக்காரு. அந்தம்மாவுக்கு அவர் பேசுறது ஒரு வார்த்தை புரியாது. அதனால அவரப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாத்தாங்க. என் வாயையே பாத்தாங்க. பையன் இனிமே எழுந்திருக்க மாட்டான்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. டாக்டர் முடிக்கிற வரைக்கும் நான் அத வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவங்க கண்ணெடுக்காம என் வாயையே பாத்துட்டிருக்காங்க."

மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது.

"தினம் யாராவது ஒருத்தர் அப்படித்தாங்க. நல்லதா வருமா, கெட்டதா வருமான்னு என் வாயப் பாத்துக்கிட்டு. சில நாள் வீட்டுக்கு வந்தப்புறமும் அந்தக் கண்ணெல்லாம் என் மேலயே இருக்கும். தூங்கி எழுந்தாத்தான் கொஞ்சம் போகும். எழுந்து வந்தா நீங்க நிக்கிறீங்க." அவள் நிறுத்தினாள். "கையக் கட்டிக்கிட்டு."

எத்தனை காலை. எத்தனை கோப்பை.

"அந்தக் கடைக்காரர் நிமிர்ந்தே பாக்க மாட்டார். அதுக்காகத்தான் போனேன். காபி சகிக்காது."

"ஏம்மா இத அப்பவே சொல்லல?"

"எனக்கே தெரியலங்க. நீங்க இவ்வளவு பாடுபடுறீங்க, எனக்கு ஏன் மூச்சு முட்டுதுன்னு எனக்கே என் மேல வெறுப்பா இருந்துச்சு. நேத்து அந்தம்மா முன்னாடி உக்காந்திருக்கும்போதுதான் புரிஞ்சுது."

அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "இனிமே உன் பக்கமே பாக்க மாட்டேன்மா."

"ஐயோ, அதுவா நான் சொன்னேன்?" அவள் அழுவதுபோல் சிரித்தாள். "பாருங்க. என்னைப் பாருங்க. என் வாயிலேர்ந்து என்ன வரப்போகுதுன்னு பாக்காதீங்க, அவ்வளவுதான்."

தராசு திரும்பினான். எங்கே பார்ப்பது என்று முதலில் தெரியவில்லை. உதட்டுக்குப் போன கண்ணை இழுத்து மேலே கொண்டுபோனான். கண்ணுக்குக் கீழே கருவளையம். காதுக்கு மேலே நரை. தலைமுடி கழுத்தோடு நின்றிருந்தது. இடுப்புவரை இருந்த முடி.

"முடிய எப்ப வெட்டின?"

அவள் கசந்த காபியில் இன்னொரு வாய் குடித்துவிட்டு, "கோடையிலயே வெட்டிட்டேங்க" என்றாள்.